தோட்ட டிராக்டருக்கு ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கப் போகிறேன், எது நல்லது?

கேள்வி, மார்ச் 2

என்னிடம் இருப்பது பழைய எலெக்ட்ரிக் தோட்ட டிராக்டர். முன்னால் மூன்று, சீட்டுக்கு அடியில் மூன்று, ஆக ஆறு 6 வோல்ட் பேட்டரி, எல்லாம் சீரீஸில் சேர்ந்து 36 வோல்ட். கூடவே வந்த சார்ஜரில் கையால் திருகி வைக்கும் டைமர்தான் இருக்கிறது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஆசிட் வாசனை தூக்குகிறது. ஆட்டோமேட்டிக் சார்ஜர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். 15, 25, 40 ஆம்பியர் என்று கிடைக்கின்றன. ஆம்பியர் கூடினால் சீக்கிரம் சார்ஜ் ஏறும், அதனால் 40 வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. சரிதானே?

பதில், மார்ச் 2, இரவு

40 வாங்காதீர்கள்.

உங்கள் பேட்டரி கோல்ஃப் வண்டிகளில் போடும் வழக்கமான 6 வோல்ட் வகை என்றால், ஒவ்வொன்றின் கொள்ளளவும் சுமார் 225 ஆம்பியர் மணி இருக்கும். சீரீஸில் சேர்க்கும்போது வோல்ட்தான் கூடும், ஆம்பியர் மணி கூடாது. ஆகவே மொத்தப் பேக்கும் 225தான். தண்ணீர் ஊற்றும் வகை லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் ஆம்பியர் மணியில் 10 முதல் 13 சதவீதம் வரை சார்ஜிங் கரண்ட் கொடுப்பது வழக்கம். உங்கள் கணக்குக்கு 22 முதல் 29 ஆம்பியர் வருகிறது. 25 ஆம்பியர் சார்ஜர் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

40 போட்டால் சீக்கிரம் ஏறாதா? கொஞ்சம் ஏறும், நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஏறாது. பேட்டரி பாதி இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். 25 ஆம்பியரில் 80 சதவீதம் வரை ஏற மூன்று மணி நேரத்துக்குள் ஆகும். அதற்குப் பிறகு வரும் கடைசி 20 சதவீதம்தான் நேரத்தைத் தின்கிறது. அந்தக் கட்டத்தில் எவ்வளவு கரண்ட் வாங்குவது என்பதை பேட்டரியே முடிவு செய்கிறது. நீங்கள் 40 கொடுக்கத் தயாராக இருந்தாலும் அது 12 வாங்கும், அப்புறம் 8, அப்புறம் 5. முதல் பகுதியில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக பேட்டரியைச் சூடாக்குகிறீர்கள்.

15 ஆம்பியர் பேட்டரியைக் கெடுக்காது. ஆனால் மாலையில் நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் வண்டி வேண்டும் என்றால் நேரம் போதாமல் போகும். பாதிச் சார்ஜிலேயே எடுத்து ஓட்டும் பழக்கம் வந்துவிட்டால் தகட்டில் சல்ஃபேட் கட்டிப்போய், பேட்டரியின் ஆயுள் அதிலேயே போய்விடும்.

மார்ச் 3

நேற்று ஆம்பியரைப் பற்றியே எழுதிவிட்டேன். கேள்வியில் முக்கியமான வரி ஆசிட் வாசனையைப் பற்றியது. அதை நான் கடந்து போயிருக்கக் கூடாது, ஏனென்றால் என் முதல் பேக் போனது அப்படித்தான்.

என் டிராக்டரிலும் டைமர் சார்ஜர்தான் இருந்தது. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டையோடு, ஒரு டைமர், வேறு ஒன்றும் கிடையாது. ஒரு நாள் புல்வெளியில் இரண்டே சுற்றுதான் ஓட்டியிருந்தேன். பழக்க தோஷத்தில் டைமரை 12 மணி நேரத்துக்குத் திருகிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் தொண்டையைப் பிடிக்கிற ஒரு காரம். பேட்டரிகளின் மேல்மூடி எல்லாம் ஆசிட் தெறித்து ஈரமாக இருந்தது. மூன்றாவது பேட்டரி கை வைக்க முடியாத சூடு. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், நடு செல்லில் (ஒரு 6 வோல்ட் பேட்டரிக்குள் மூன்று செல்) தண்ணீர் தகட்டுக்குக் கீழே போயிருந்தது. தகட்டின் மேல்விளிம்பு காய்ந்து வெளிறிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றினேன், மறுபடி சார்ஜ் போட்டேன். அந்த செல்லில் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் கருவி, நிறைந்த செல்லில் 1.265க்கு மேல் காட்டும்) அதற்குப் பிறகு 1.200க்கு மேல் ஏறவே இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று பிற்பாடு அளந்து பார்த்தேன். இந்த மாதிரி சார்ஜருக்கு உள்ளே வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. நடுராத்திரியில் ஊரே விளக்கணைத்த பிறகு லைன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். உள்ளே 5 சதவீதம் ஏறினால் வெளியேயும் அதற்கேற்ப ஏறும். மாலையில் 44 வோல்ட்டில் நிற்க வேண்டியது ராத்திரி இரண்டு மணிக்கு 46ஐத் தாண்டி நின்றது. மணி அடிக்கும் வரை அது நிறுத்தாது, பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

அதனால் சார்ஜர் வாங்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எதைப் பார்த்து இது நிறுத்துகிறது?

மார்ச் 5

அந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன். டப்பாவில் "ஆட்டோமேட்டிக்" என்று போட்டிருப்பது மட்டும் எதையும் சொல்லாது.

சில சார்ஜர்கள் வோல்டேஜை மட்டும் பார்க்கும். 44 வந்ததும் கட் செய்துவிடும். இதை வாங்கவே கூடாது என்பேன். 44ஐத் தொடும்போது பேட்டரி 80 சதவீதம்தான் நிறைந்திருக்கும். நீங்கள் பச்சை விளக்கைப் பார்த்து நம்பி ஓட்டுவீர்கள்.

சில, 44க்கு வந்த பிறகு அந்த வோல்டேஜிலேயே பிடித்து வைத்திருந்து, கரண்ட் தானாக இறங்கி இறங்கி ஒரு அளவுக்குக் கீழே வந்ததும் நிறுத்தும் அல்லது ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் குறைந்த வோல்டேஜ்) மாறும். மூன்று கட்ட சார்ஜர் என்று விற்பது பெரும்பாலும் இதுதான். நல்ல முறை, ஆனால் பேட்டரி வயதாகும்போது ஒரு சிக்கல் வரும். அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இன்னும் சில, 44ல் பிடித்து வைத்திருக்கும் நேரத்தையே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருக்கும், நான்கு மணி நேரம் என்கிற மாதிரி. பேட்டரி எவ்வளவு இறங்கியிருந்தாலும் அதே நான்கு மணி. இதில் 44ஐத் தொடும் வரையிலான முதல் கட்டம் எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கு வைத்து அதற்கேற்ப இரண்டாம் கட்டத்தை நீட்டிக் குறைப்பவையும் உண்டு. அவை பரவாயில்லை.

கோல்ஃப் வண்டிக்கென்றே செய்த நல்ல சார்ஜர்கள் சிலவற்றில் வேறொரு முறை பார்த்திருக்கிறேன். அவை வோல்டேஜ் எவ்வளவு என்பதோடு, அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா என்றும் கவனிக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஏற்றம் இல்லையென்றால் பேட்டரி இனி வாங்காது என்று தீர்மானித்து நிறுத்தும். பேட்டரி புதியதோ பழையதோ, அன்றைக்குச் சூடோ குளிரோ, இந்த முறை அதற்கேற்பத் தானே வளைந்து கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எதுவானாலும் அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு டைமர் இருக்க வேண்டும். எல்லாம் தோற்றாலும் 15, 16 மணி நேரத்தில் அணைந்துவிட வேண்டும்.

மார்ச் 6

ஒரு விளக்கம். 44, 44 என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

லெட் ஆசிட் செல் ஒன்றுக்கு 2 வோல்ட். 36 வோல்ட் பேக்கில் 18 செல். தண்ணீர் ஊற்றும் வகைக்கு சார்ஜிங் வோல்டேஜ் செல்லுக்கு ஏறக்குறைய 2.45, ஆக 44.1. ஃப்ளோட் செல்லுக்கு 2.25, ஆக 40.5. உங்கள் வண்டி 48 வோல்ட் என்றால் 24 செல்லால் பெருக்கிக்கொள்ளுங்கள், 58.8 வரும்.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் 25 டிகிரி செல்சியஸுக்கு. பேட்டரி ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் செல்லுக்கு 5 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும், குளிர்ந்தால் கூட்ட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். 35 டிகிரியில் 18 செல்லுக்கும் சேர்த்து 0.9 வோல்ட் குறைக்க வேண்டியிருக்கிறது, அதாவது 43.2. குளிர்ந்து 5 டிகிரியில் இருக்கும் பேட்டரிக்கு 45.9 தேவை. கோடையில் ஆசிட் கொதிப்பதற்கும், குளிர்காலத்தில் "சார்ஜ் நிற்கவில்லை" என்று புலம்புவதற்கும் பாதிக் காரணம் இதுதான். ஆகவே பேட்டரியில் ஒட்டி வைக்கும் டெம்பரேச்சர் ஒயர் வரும் சார்ஜரா என்று பாருங்கள். சார்ஜர் பெட்டிக்குள்ளேயே சென்சார் இருப்பது அவ்வளவு உதவாது. பெட்டி சுவரில் மாட்டியிருக்கும், பேட்டரி முன்மூடிக்குள் வெந்துகொண்டிருக்கும்.

அதே பேச்சில், ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய வகை) பேட்டரி வைத்திருப்பவர்கள் 44.1ஐப் பின்பற்ற வேண்டாம். பேட்டரி செய்தவர் தந்த எண்ணைத் தேடி எடுத்து அதற்கே வையுங்கள். ஜெல் வகைக்கு இன்னும் குறைவு. அவற்றில் கொதித்துப் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழி கிடையாது.

மார்ச் 9

36 வோல்ட் சார்ஜர் கிடைக்கவில்லை, 12 வோல்ட் கார் சார்ஜர் மூன்று போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

போடலாம். நான் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்கு ஒரு 12 வோல்ட் சார்ஜர் என்று மூன்று ஜோடிக்கு மூன்று சார்ஜர். பேட்டரிகளின் சீரீஸ் இணைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, சார்ஜரின் வெளிப்பக்கம் உள்பக்க மின்சாரத்திலிருந்தும் எர்த்திலிருந்தும் முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். இரண்டு சார்ஜரில் மைனஸ் ஒயர் எர்த்தோடு சேர்ந்திருந்தால், இரண்டாவதை மாட்டும்போது ஷார்ட் ஆகிவிடும்.

இதில் ஒரு அருமையான லாபம் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாக நிறைகிறது. ஆறும் ஒரே சீரீஸில் சார்ஜ் ஆகும்போது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மூன்று சார்ஜரில் அந்த ஏற்றத்தாழ்வு பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது. ஆகவே தயங்காமல் செய்யுங்கள் என்பேன்.

மார்ச் 10

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முன்விளக்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்று கடைசி இரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருப்பவர்கள் நிறையப் பேர். என் வண்டியையும் பழைய உரிமையாளர் அப்படித்தான் வைத்திருந்தார். அந்த இரண்டு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும். சார்ஜருக்கு அது தெரியாது, மொத்த வோல்டேஜைத்தான் பார்க்கும். மற்ற நான்கும் கொதிக்க, அந்த இரண்டும் என்றைக்கும் நிறையாமலே கிடக்கும். விளக்குக்கு 36லிருந்து 12ஆக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டு, மொத்தப் பேக்கிலிருந்து எடுங்கள். எவ்வளவு உயர்ந்த சார்ஜர் வாங்கினாலும் இந்த ஒயர் இருக்கும் வரை பயனில்லை.

மார்ச் 17

சார்ஜர் வாங்க வேண்டாம், முன்னால் ஒரு வேரியாக்கும் பின்னால் ஏசியை டிசியாக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் மட்டும் வைத்து நானே செய்துகொள்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

வேரியாக் என்பது ஒரே சுற்றுள்ள டிரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜைக் குறைக்கும், பிரிக்காது. மீட்டரில் 44 வோல்ட் காட்டும். ஆனால் பேட்டரியின் ஒவ்வொரு டெர்மினலும் சுவர் மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கும். ஈர மண்ணில் நின்றுகொண்டு பேட்டரி மூடியைக் கழற்றக் கை வைத்தால் உயிர் போகும். பழைய சார்ஜரின் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு தனிச் சுற்றுள்ளதாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். அது தெரியாமல் தொடக் கூடாது.

வாங்கிய சார்ஜரையும் ஒரு முறை சோதியுங்கள். சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் பேட்டரி ஒயருக்கும் இடையே பாருங்கள். எந்த இணைப்பும் காட்டக் கூடாது. சார்ஜரின் உலோகப் பெட்டிக்கும் எர்த் பின்னுக்கும் இடையே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஃப்யூஸ் விஷயமும் இங்கேயே. சார்ஜர் ஒயரில் ஃப்யூஸ் வேண்டும், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்தில். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப் போவது பேட்டரிதான், சார்ஜர் அல்ல. காரில் போடும் சாதாரண பிளேடு ஃப்யூஸ் 32 வோல்ட்டுக்குத்தான் செய்தது. 36 வோல்ட் பேக்கில் அது உருகினாலும் உள்ளே பொறி அணையாமல் நின்று எரியலாம். 58 வோல்ட் அல்லது அதற்கு மேல் டிசி என்று எழுதியதைத் தேடி வாங்குங்கள்.

கிளிப்பை விட்டுவிட்டு ஒரு நல்ல கனெக்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டர்சன் வகையில் நிறத்துக்கு ஒரு வோல்டேஜ், சாம்பல் நிறம் 36க்கு. ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு சேராது, தப்பான சார்ஜரை மாட்டவே முடியாது. கிளிப் வைத்திருப்பவர்கள் மாட்டிய பிறகு சுவிட்ச் போடுங்கள், அணைத்த பிறகு கழற்றுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு சின்னப் பொறி போதும். சீட்டைத் தூக்கிவிட்டு, கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து சார்ஜ் போடுங்கள்.

மார்ச் 24

மார்ச் 9ல் மூன்று 12 வோல்ட் சார்ஜரைத் தயங்காமல் போடச் சொன்னேன். அந்த "தயங்காமல்" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எழுதிய பிறகுதான் அந்த வருடம் எப்படி முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மூன்றில் நடுச் சார்ஜர் வேலை செய்யவில்லை. உள்ளே ஃப்யூஸ் போயிருந்தது. விளக்கு எரியவில்லை என்றால் "நிறைந்துவிட்டது" என்று அர்த்தம் கொடுக்கிற மாடல் அது, நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் புல் வெட்டப் போனேன். கால் மணி நேரத்தில் வண்டி இழுக்கத் திணறியது. நான் விடாமல் வீடு வரை ஓட்டி வந்தேன், செய்திருக்கக் கூடாத காரியம். நடு ஜோடி ஏற்கெனவே காலி. சீரீஸில் இருப்பதால் மற்ற நான்கும் அதன் வழியாகக் கரண்டைத் தள்ளின. காலியான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகத் தொடங்கிவிட்டது. மீட்டரை வைத்தால் ஒரு பேட்டரியில் மூன்று செல்லுக்கும் சேர்த்து 4 வோல்ட்கூட இல்லை. அது மீளவில்லை.

ஒரே 36 வோல்ட் சார்ஜர் கெட்டுப்போனால் எதுவுமே ஏறாது, உடனே தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று கெட்டால் வண்டி ஓடும், கெடுத்துக்கொண்டே ஓடும். இதுதான் வித்தியாசம்.

ஆகவே என் இப்போதைய கருத்து: தினசரி வேலைக்கு ஒரே 36 வோல்ட் சார்ஜர். மூன்று ஜோடியைச் சமன் செய்ய, மாதம் ஒரு முறை ஒரே ஒரு 12 வோல்ட் சார்ஜரை ஜோடி ஜோடியாக மாற்றிப் போடுவது. மூன்றே போட வேண்டிய நிலை என்றால், ஓட்டுவதற்கு முன் மூன்று ஜோடியிலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஆறிய பிறகு ஒவ்வொன்றும் 12.7 பக்கம் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 11

கரண்ட் போய்ப் போய் வரும் இடங்களில் இருப்பவர்களுக்கு.

என் நண்பர் ஒருவர் புது ஆட்டோமேட்டிக் சார்ஜர் வாங்கினார். மாதம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, சார்ஜர் கோளாறு என்று சொன்னார். போய்ப் பார்த்தேன். சார்ஜர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கரண்ட் போய் வந்தால் அது முதலிலிருந்து தொடங்கும், 44ல் நான்கு மணி நேரம் பிடித்து வைக்கும் வகை. ராத்திரியில் மூன்று முறை கரண்ட் போய் வந்தால், நிறைந்த பேட்டரிக்கு மறுபடி நான்கு, மறுபடி நான்கு. பேட்டரி வாங்கும் ஆம்பியர் இறங்குவதைப் பார்த்து நிறுத்தும் வகையாக இருந்தால் திரும்பத் தொடங்கிய சில நிமிடங்களில் "இது நிறைந்ததுதான்" என்று கண்டுபிடித்து ஒதுங்கியிருக்கும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் இதை நேராகக் கேளுங்கள். நிறைந்த பேட்டரியில் மாட்டி, சுவிட்சை அணைத்துப் போட்டால் எத்தனை நேரத்தில் பச்சை வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜெனரேட்டரில் சார்ஜ் போடுபவர்கள், கனமான ஃபெரோரெசனன்ட் சார்ஜரை (டிரான்ஸ்ஃபார்மரும் கபாசிட்டரும் சேர்ந்து வோல்டேஜைப் பிடித்து வைக்கும் வகை) அதில் நம்ப வேண்டாம். அந்த வகை லைன் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கலங்காது, முப்பது வருடம்கூட உழைக்கும், எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அதன் கணக்கு முழுக்க மின்சாரத்தின் அதிர்வெண்ணில் (ஹெர்ட்ஸ்) நிற்கிறது, ஜெனரேட்டரில் அது நிலையாக நிற்காது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சார்ஜரை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மாட்டினால் வோல்டேஜ் சரியாக வராது. பழைய கோல்ஃப் சார்ஜர் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள் முதலில் பின்பக்கத் தகட்டில் இதைப் படியுங்கள்.

ஏப்ரல் 12

சின்னதாக ஒன்று. 25 ஆம்பியர் என்பது பேட்டரிப் பக்கம். சுவரிலிருந்து அது ஏறக்குறைய 1300 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பக்கம், 120 வோல்ட்டில் 11 ஆம்பியர் பக்கம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டிய சுருளோடு வைத்து ஓட்டினால் சுருளின் நடுவில் ஒயர் உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

மே 20

மார்ச் 5ல் பாக்கி வைத்ததைச் சொல்கிறேன்.

புதிய பேட்டரியில், 44ல் பிடித்து வைத்திருக்கும்போது கரண்ட் 2, 3 ஆம்பியர் வரை இறங்கும். வயதாக ஆக அவ்வளவு இறங்காது. தகட்டிலிருக்கும் ஆன்டிமனி மெல்ல மெல்லக் கரைந்து எதிர்த் தகட்டில் படிவதால், நிறைந்த பிறகும் கரண்ட் வாங்கிக்கொண்டே இருக்கும். அது சார்ஜாக ஏறாது, தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும், மிச்சம் சூடு. என் இரண்டாவது பேக் நான்காவது வருடத்தில் 5 ஆம்பியரிலேயே நின்றுவிட்டது. சார்ஜரோ 4க்குக் கீழே வந்தால்தான் நிறுத்தும். இறங்கும் என்று அது காத்திருந்தது, இறங்கவே இல்லை. பாதுகாப்பு டைமர் வந்து காப்பாற்றும் வரை கொதித்தது.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், தண்ணீர் செலவைக் குறித்து வைத்திருந்தேன். முதல் வருடம் மொத்தப் பேக்குக்கும் மாதம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனதில்லை. நான்காம் வருடம் மூன்று வாரத்தில் நான்கு லிட்டர். சார்ஜரின் விளக்குகளைவிட டிஸ்டில்டு வாட்டர் கேன்தான் எனக்கு நேரத்தோடு சொன்னது. நிறுத்தும் அளவை 7 ஆம்பியருக்கு மாற்ற அந்தச் சார்ஜரில் வழி இருந்தது, மாற்றினேன், இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது. மாற்ற முடியாத சார்ஜர் என்றால் பேக்கையே மாற்றியிருக்க வேண்டும். ஆகவே அமைப்பை மாற்றும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் ஊற்றும் முறையும் சொல்லிவிடுகிறேன், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். சார்ஜ் ஆகும்போது ஆசிட் பொங்கி மட்டம் உயரும். முன்னாலேயே நிறைய ஊற்றினால் வழிந்து, ஆசிட்டின் வலு போய்விடும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் மூடுகிற அளவு முன்கூட்டி ஊற்றலாம்.

ஜூன் 8

லித்தியம் போட்டுவிட்டேன், பழைய ஆட்டோமேட்டிக் சார்ஜரையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 36 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் வழக்கமாக 12 செல், செல்லுக்கு 3.65 என்றால் உச்சம் 43.8. உங்கள் சார்ஜர் 44.1 போகும், ஈக்வலைஸ் பட்டனை (பின்தங்கிய செல்லைத் தூக்கிவிட வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜ் கொடுப்பது) தெரியாமல் அழுத்தினால் 48ஐத் தாண்டும். பிஎம்எஸ் (லித்தியம் பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) இடையில் புகுந்து துண்டிக்கும்தான், ஆனால் கடைசிக் காவலாளியைத் தினமும் வேலை வாங்கக் கூடாது. அதற்கென்று உள்ள சார்ஜரை வாங்குங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது.

செப்டம்பர் 14

கேள்வி கேட்டவர் 25 ஆம்பியர், டெம்பரேச்சர் ஒயர் உள்ள சார்ஜர் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார். பச்சை விளக்கு வந்துவிட்டது, இனி ஹைட்ரோமீட்டர் தேவையில்லைதானே என்றும் கேட்டிருக்கிறார்.

தேவை. சார்ஜர் பார்ப்பது மொத்த வோல்டேஜை, 18 செல்லைத் தனித்தனியாக அதற்குப் பார்க்க முடியாது. நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின இரவு சார்ஜ் முடிந்து ஆறிய பிறகு, ரப்பர் பல்பை அழுத்தி ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை இழுக்கிறேன். முதல் இரண்டு முறை இழுத்து விட்டுவிட்டு மூன்றாவதில் படிப்பேன், அப்போதுதான் குழாய்க்குள் முந்தின செல்லின் மிச்சம் இருக்காது. மிதவை கண்ணாடியில் ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும், கண் அதே மட்டத்துக்கு வர வேண்டும். நோட்டில் 18 எண்கள். 1.265லிருந்து 1.280 வரை இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் 0.030 பின்தங்கினால் அந்த வாரமே ஈக்வலைஸ்: செல்லுக்கு 2.6, 2.7 வோல்ட்டில், குறைந்த கரண்ட்டில், மணிக்கு ஒரு முறை அளந்து, எண் ஏறுவது நின்றதும் நிறுத்துவது. ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் வகைக்கு மட்டும்.

ஓய்வு மாதங்களுக்கு வண்டியை நிறுத்தும்போதும் இதையே செய்யுங்கள். தானாக மாதம் 5 முதல் 15 சதவீதம் இறங்கும், சூட்டைப் பொறுத்தது. ஃப்ளோட்டில் விட்டு வைத்தாலும் சரி, மாதம் ஒரு முறை போட்டாலும் சரி, இறங்கிய நிலையில் கிடக்க விடாதீர்கள். முழுக்க இறங்கிய பேட்டரியின் ஆசிட் பத்து டிகிரி மைனஸுக்குள்ளேயே உறைந்து பெட்டியைப் பிளக்கும். நிறைந்ததற்கு அந்தப் பயம் இல்லை. இன்னொன்று, அடியோடு இறங்கிய பேக்கைப் பல ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் அடையாளமே கண்டுகொள்ளாது, மாட்டினாலும் தொடங்காது. அப்போது 12 வோல்ட் சார்ஜரால் ஜோடி ஜோடியாகக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, பிறகு பெரியதை மாட்டினால் பிடித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 15

இன்று என் பேக்கை அளந்தேன். பதினேழு செல் 1.270க்கும் 1.280க்கும் இடையில். நான்காவது பேட்டரியின் கடைசி செல் மட்டும் 1.240. போன மாதம் 1.255 இருந்தது. நாளை மறுநாள் ஈக்வலைஸ் போடுகிறேன், எண்களை மணிக்கு மணி இங்கே குறிக்கிறேன்.

செப்டம்பர் 17

காலை 9 மணி 1.240. 10 மணி 1.245. 11 மணி 1.255, மற்றவை அசையவில்லை. 12 மணி 1.265. ஒரு மணி 1.265. இரண்டு மணி 1.265. நிறுத்திவிட்டேன். பேட்டரி லேசான சூடுதான், கை வைக்க முடிந்தது. முக்கால் லிட்டர் தண்ணீர் வாங்கியது.